கொண்டையில் கிடந்த கரி

காலையில் வடகரப்பதி பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நாச்சம்மாள் வேறு. கம்பெனிக்குள் இருக்கும் நாச்சம்மாள் வேறு.

பஸ் நிறுத்தத்தில் நிற்பவள் கஞ்சி போட்ட காட்டன் சேலை கட்டியிருப்பாள். நெற்றியில் திருநீறும் குங்குமமும், தோளில் கைப்பை. தெரியாதவர்கள் பஞ்சாயத்து ஆபீசிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் அந்தக் கஞ்சி, அந்தக் கைப்பை. கம்பெனி கேட்டைத் தாண்டியதும் சேலை கொக்கிக்குப் போய்விடும். பழைய நைட்டிக்கு மேல் கணவனின் கிழிந்த சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, மூக்கையும் வாயையும் மூடிய துணி. அந்தக் கோலத்தில் பெற்றவளே வந்து நின்றாலும் அடையாளம் தெரியாது.

அது ரப்பர் கலவை போடும் கம்பெனி. வெறும் ரப்பரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இழுத்த இழுப்புக்கு வரும், தேய்த்தால் தேய்ந்து போகும். அதற்குள் பொடி சேர்த்தால்தான் அது பொருளாகும். கறுப்புச் சாமானுக்குக் கார்பன். எண்ணெயை எரித்து, புகையிலிருந்து பிடித்த கரிப்பொடி அது. டயருக்கும் மிதியடிக்கும் பலம் கொடுப்பது அதுதான். வெள்ளைச் சாமானுக்குச் சிலிக்காவும் கிளேயும். சிலிக்கா பஞ்சு போல லேசு, மூச்சு பட்டால் எழும்பிப் பறக்கும். ஷூவின் அடிப்பாகம் வழுக்காமலும் தேயாமலும் இருக்க அது வேண்டும். கிளே என்பது வெள்ளைக் களிமண்ணைக் கழுவிக் காயவைத்து அரைத்த மாவு. கனமாக இருக்கும், ரப்பருக்கு உடம்பு கொடுக்கும்.

நாச்சம்மாளுக்குக் கார்பன் எடை போடும் வேலை. மூட்டையைப் பிரித்து, தட்டில் கொட்டி, அளவு பார்த்து, கலவை இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். மற்ற தூசி தட்டினால் போகும். கார்பன் போகாது. மயிர்க்கால்களில் இறங்கி, நகக்கண்ணில் குடியேறி, வேர்வை வரும்போதெல்லாம் வெளியே எட்டிப் பார்க்கும். சாயங்காலம் முதலில் தேங்காயெண்ணெய், பிறகு தவிடு, அதற்குப் பிறகு சோப்பு என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். கையும் முகமும் வெளுத்துவிடும். இமை ஓரம் மட்டும் வெளுக்காது. கோடு போட்டாற்போல அங்கே கறுப்பு நின்றுவிடும்.

"ஏனுங்க்கா, இந்த வயசுல கண்ணுக்கு மையெல்லாம் பலமாட்ட இருக்குது?" என்று அவளுடைய ஓரகத்தி வனிதா ஒருநாள் ஊரார் நடுவில் கேட்டாள்.

"ஆபீசுன்னா நாலு பேரு வர்ற எடம் அம்மணி. கொஞ்சம் பளிச்சுனு இருக்கோணுமில்ல?" என்றாள் நாச்சம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் விழுங்கிக்கொண்டாள். வயதுக்கு மீறி மினுக்குகிறாள் என்ற பேச்சு பரவாயில்லை. தோட்டமும் ஆளுமாக வாழ்ந்த மாரப்பன் பண்ணாடியின் பெண்சாதி கரி அள்ளுகிறாள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது.

அந்த வீட்டில் ஒரு காலத்தில் தேங்காய் போட வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். பிறகு கிணறு வற்றியது. போர் மேல் போர் போட்டதில் பூமி ஓட்டையானதே தவிர ஈரம் வரவில்லை. தென்னைகள் ஒவ்வொன்றாகத் தலையை இழந்து கம்பம் போல நின்றன. மாரப்பன் தோட்டத்துப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார். கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று நாச்சம்மாள் சொன்னபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஆனால் மகள் மௌனிகாவைக் கோயமுத்தூரில் நிச்சயம் செய்த அன்று, சம்பந்தி வீட்டார் கேட்கும் முன்னாலேயே, "எங்க ஊட்ல ரப்பர் கம்பெனி ஆபீஸ்ல பொறுப்புல இருக்கறாங்க" என்று அவர் வாயிலிருந்துதான் வந்தது. நாச்சம்மாள் தலையாட்டினாள். ஒரே ஒரு தலையாட்டல்! அன்றைக்கு ஆட்டிய தலையை அவளால் பிறகு நிறுத்தவே முடியவில்லை.

கம்பெனியில் கறுப்புப் பக்கம், வெள்ளைப் பக்கம் என்று இரண்டு உண்டு. நடுவில் தரையில் மஞ்சள் கோடு. கறுப்புப் பக்கத்து ஆட்கள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. அவர்களுக்குக் குளிக்கும் இடம் தனி, செருப்பு தனி, சாப்பாட்டு அறையில் பெஞ்சும் தனி. வெள்ளைக் கலவையில் ஒரு சிட்டிகைக் கார்பன் விழுந்தாலும் மொத்தமும் நாசம் என்பதால் அந்த ஏற்பாடு. அதில் ஜாதியுமில்லை, மதமுமில்லை. ஆனாலும் முதல் நாள், தண்ணீர் குடிக்கத் தெரியாத்தனமாக வெள்ளைப் பக்கத்துக் குழாயருகே போனவளை, "அங்கயே நில்லுங்க! தள்ளி நில்லுங்க!" என்று யாரோ கத்தியபோது, நாச்சம்மாளுக்குத் தன் வீட்டுக் களத்துமேட்டில் வாளியைத் தொடாமல் கை குவித்து நின்றவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

வெள்ளைப் பக்கத்தில், வெள்ளை மேல்கோட்டும் வலைத்தொப்பியும் மாட்டிக்கொண்டு சிலிக்காவும் கிளேயும் எடை போடுபவள் முருகேஸ்வரி. ஏலப்பாறைத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அம்மா சாந்தம்மாள் கொழுந்து கிள்ளி ஓய்ந்துபோக, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால், தாயையும் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து வாடகைக்கு இருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம். ஒரு விடுமுறை நாளில், நாச்சம்மாள் கம்பெனியில் மறந்து வைத்துவிட்ட செல்போனைக் கொடுக்க அவள் வீடு தேடி வந்தாள். வாசலில் வனிதா இருந்தாள்.

"ஆருங்க்கா இது?"

"எங்க ஆபீஸ்ல கூட்டற புள்ள அம்மணி" என்றாள் நாச்சம்மாள்.

வார்த்தை தானாக வந்துவிட்டது. முருகேஸ்வரி காதிலும் விழுந்துவிட்டது. உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. நாச்சம்மாள் கொடுத்த மோரை வாசலில் நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். மறுநாள் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்னக்கா, இன்னிக்கி எந்த ரூமைக் கூட்டட்டும்? உங்க ஆபீஸ் ரூம் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை. அதுதான் நாச்சம்மாளைக் கொன்றது.

மே மாத வெயில். பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுக்கு அடிப்பாகம் செய்பவர்கள் எல்லோரும் வெள்ளை ரப்பர் ஷீட்டுக்கு முட்டி மோதும் காலம். நாச்சம்மாள் கார்பன் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. மௌனிகா.

"அம்மா, இவரு உங்க கம்பெனிக்குத்தான் வந்துட்டு இருக்கறாரு. ஷூவுக்கு வெள்ளை ஷீட்டு புதுசா அங்கதான் ஆர்டர் குடுத்திருக்கறாரு. 'அத்தை இருக்கற எடம், தப்பு நடக்காது'ன்னு சொல்லிக் குடுத்திருக்கறாரும்மா! உங்க மேசைல வெச்சு உங்களை ஒரு போட்டோ எடுக்கோணும்னாரு."

"எப்பக் கண்ணு?"

"வேலந்தாவளம் தாண்டிட்டாராம். இப்ப வந்துருவாரு."

நாச்சம்மாள் பிரித்த மூட்டையை அப்படியே போட்டாள். சம்பந்தி வீட்டில் மகள் வாழ்கிற வாழ்வு கண் முன்னால் வந்தது. 'கரி அள்ளறவ மகள்' என்று ஒருத்தர் சொன்னால் போதுமே! குழாயடிக்கு ஓடினாள். எண்ணெய், தவிடு, சோப்பு. முகத்தைத் தோல் உரியத் தேய்த்தாள். கை கால் கழுவி, கொக்கியிலிருந்த கஞ்சிச் சேலையைக் கட்டினாள். தலை குளிக்க நேரமில்லை. தலையில் துண்டு கட்டியிருந்தோமே, போதாதா என்று கொண்டையை அப்படியே கையால் அமுக்கிவிட்டாள். வீட்டுக்குப் போகும்போது வைத்துக்கொள்ள ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்த முல்லைச் சரத்தை எடுத்துக் கொண்டையில் செருகினாள். மஞ்சள் கோட்டுக்கு முன்னால் வந்து நின்று கெஞ்சினாள்.

"அம்மணி முருகேசு, உன்ற வெள்ளைக் கோட்டைக் கொஞ்சம் கழட்டிக் குடு. ஒரே நிமிஷம். என்ற மாப்பிள்ளை வர்றாரு. உன்ற மேசைகிட்ட நின்னுக்கறேன். உன்ற காலைப் புடிக்கறேன் சாமி!"

"காலெல்லாம் பிடிக்காதீகக்கா, காலு கறுத்துப் போகும்" என்றாள் முருகேஸ்வரி. நாச்சம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. "மேனேஜர் கோபிநாத் சார் பாத்தாருன்னா என் சீட்டைக் கிழிச்சிருவாரு. தெரியுமில்ல?"

"அவரு கேட்டுல லாரிக்காரன் கூடச் சண்டை போட்டுட்டு இருக்கறாரு."

முருகேஸ்வரி மூச்சை இழுத்து விட்டு, கோட்டைக் கழற்றினாள். "தொப்பியும் போடுங்க. அது போடாம இந்த மேசைகிட்ட யாரும் நிக்கப்படாது."

நாச்சம்மாள் அந்த வலைத்தொப்பியைப் பார்த்தாள். மாப்பிள்ளை முன்னால் கூலிக்காரி மாதிரி தலையை மூடிக் கட்டிக்கொண்டா நிற்பது? பூவும் பொட்டுமாக நிற்க வேண்டிய மாமியார் அல்லவா! "அது வேண்டாம் அம்மணி" என்று ஒதுக்கிவிட்டாள். முருகேஸ்வரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் காலடிச் சத்தம் கேட்டது. அவள் மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

இயந்திரம் ஓட்டும் பினு வாசல் வரை வந்து கை காட்டிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட, மாப்பிள்ளை சிவப்பிரகாஷ் உள்ளே வந்தான். நல்ல பிள்ளை. யாரைப் பார்த்தாலும் முகம் மலர்கிற சுபாவம்.

"அத்தை! நீங்க வெள்ளை டிபார்ட்மெண்ட்டுங்களா? சொல்லவே இல்லீங்களே!"

"வாங்க மாப்பிள்ளை. நல்லா இருக்கறீங்களா?" என்றாள் நாச்சம்மாள். மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்துப் பேசும் வழக்கம் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு இல்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடி, தலையைத் தாழ்த்திக் குனிந்துகொண்டாள். அவளுக்கு நேர் கீழே, எடைத் தட்டில், சிலிக்கா வெண்ணிலவைக் கொட்டி வைத்தாற்போல் குவிந்து கிடந்தது.

"இதுதான் எனக்குப் போடற மருந்துங்களா?"

"ஆமாங்க மாப்பிள்ளை. சிலிக்கா. நீங்க குடுத்த ஆர்டருக்குத்தான் போட்டுட்டு இருக்கறோம்."

"தலையத் தூக்குங்க அத்தை, ஒரு போட்டோ!"

அவள் வெட்கத்தில் இன்னும் குனிந்தாள். அவன் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டான். அவன் திரும்பும்போது நாச்சம்மாள் இன்னொரு பொய்யும் சொன்னாள். "நாம சொந்தம்னு ஆபீஸ்ல சொல்லிக்காதீங்க மாப்பிள்ளை. வெலைல ஏதாச்சும் சலுகைன்னு பேசுவாங்க."

சிவப்பிரகாஷ் நெகிழ்ந்து போனான். "உங்க நேர்மை ஆருக்கு வரும் அத்தை!"

நேர்மை! அந்த ஒரு சொல் அவள் கன்னத்தில் அறைந்தது போல விழுந்தது. அவன் போனதும் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு கரிக்குள் ஓடினாள். கரிக்குள் அவளுக்கு மூச்சு வந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளைப் பக்கத்திலிருந்து பினுவின் குரல் கிளம்பியது. "சாரே! ஓடி வரணே!"

உருளைகளுக்கு நடுவிலிருந்து இறங்கிய ஷீட், பால் மாதிரி வரவேண்டிய ஷீட், முகமெல்லாம் எள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகளோடு தொங்கியது. சில புள்ளிகள் உருளையில் இழுபட்டுக் கோடாக நீண்டிருந்தன. கோபிநாத் ஷீட்டைப் பார்த்தார். எடை மேசையைப் பார்த்தார். மேசைக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தார்.

"எந்தா முருகேஸ்வரி இது? கார்பன் எப்படி வந்தது? பறந்து வந்ததா?"

"தெரியல சார்."

"நின்னோட மேசை. நின்னோட கை. ஆரு வந்தது உள்ளே?"

முருகேஸ்வரியின் கண் ஒரே ஒரு முறை மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து போனது. "யாரும் வரல சார்."

"நாளைக்குப் பார்ட்டி வரும். ஆர்டர் போச்சுன்னா, நாளை முதல் நீ வேலைக்கு வரவேண்டா. மனசிலாயோ?"

கோட்டுக்கு இந்தப் பக்கம், கறுத்த முகத்தோடு, நாச்சம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள். மௌனிகா, மாரப்பன், சம்பந்தியம்மாள், வனிதா எல்லோரும் வந்து அவள் நாக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அவள் திரும்பிப் போய் அடுத்த மூட்டையைப் பிரித்தாள்.

சாயங்காலம் வீட்டில் கண்ணாடி முன் நின்று கொண்டையிலிருந்த பூவை எடுத்தாள். மேல்பக்கம் முல்லை வெள்ளையாகத்தான் இருந்தது. திருப்பினாள். கொண்டையில் பட்டுக் கிடந்த அடிப்பக்கம் முழுக்கக் கரி. எப்படி விழுந்தது, எந்த நேரத்தில் விழுந்தது என்பதெல்லாம் அவளுக்கு அந்தக் கணமே விளங்கியது. மாப்பிள்ளைக்கு மரியாதை காட்டக் குனிந்த தலையிலிருந்து, மாப்பிள்ளையின் சரக்கிலேயே கரி கொட்டியிருக்கிறது!

முன்னறையில் மாரப்பன் செல்போனோடு உட்கார்ந்திருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம். "இங்க பாரு. மாப்பிள்ளை குரூப்புல போட்டோ போட்டிருக்கறாரு. 'எங்க அத்தை, எங்க பெருமை'ன்னு எழுதியிருக்கறாரு. சம்பந்தியம்மா கை கும்பிட்டிருக்காங்க. வனிதாகூட ஒரு பூ போட்டிருக்கறா பாரு! இனி ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

படத்தில் வெள்ளைக் கோட்டும் முல்லைப் பூவுமாக ஒரு பெண் தலைகுனிந்து நின்றாள். நாச்சம்மாளுக்கு அவளைப் பார்க்கக் கூசியது. ஒவ்வொரு பாராட்டும் வந்து விழும்போது செல்போன் டிங் என்றது. ஒவ்வொரு டிங்குக்கும் அவள் உள்ளே சிறுத்துக்கொண்டே போனாள்.

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் முருகேஸ்வரி தன் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் செருப்பையும் ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தது தெரிந்தது. அந்தப் பை நாச்சம்மாளின் கண்ணை விட்டு அகலவில்லை. சற்று நேரத்தில் சிவப்பிரகாஷின் கார் வந்தது. பினு கறை பட்ட ஷீட்டை மஞ்சள் கோட்டருகே வெளிச்சத்தில் கொண்டு வந்து விரித்தான்.

"என்னங்க சார் இது? இதை வெச்சு நான் ஷூ போட்டா எந்தப் பள்ளிக்கூடத்துல வாங்குவாங்க?" சிவப்பிரகாஷின் குரல் உயர்ந்தது.

"தவறு எங்களோடது. அந்தக் குட்டியை இன்னைக்கே வேலையிலிருந்து பறஞ்சு விடறேன்" என்றார் கோபிநாத்.

நாச்சம்மாள் நடந்தாள். தன்னை அறியாமலேயே நடந்தாள். தலையில் துண்டு, வாயில் துணி, முகமெல்லாம் கரி. அவர்களுக்குப் பக்கத்தில் கோட்டைத் தொட்டாற்போல் வந்து நின்றாள். வெள்ளைச் சட்டை போட்டிருந்த சிவப்பிரகாஷ் சட்டென்று ஒதுங்கினான்.

"ஏனுங்கம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சட்டையில படும்."

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது நாச்சம்மாளுக்கு. அவனுக்கு அடையாளம் தெரியவில்லை! இப்படியே திரும்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு வினாடி, ஒரே ஒரு வினாடி, கால் பின்வாங்கியது. அந்தப் பக்கம் முருகேஸ்வரி அவளைப் பார்க்காமல், தன் பையின் வாயைச் சுருக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"முருகேசு மேல தப்பில்லீங்க சார்" என்றாள் நாச்சம்மாள்.

குரல் கேட்டதும் சிவப்பிரகாஷ் திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் வாயை மூடிய துணியை இறக்கினாள். தலைத்துண்டை அவிழ்த்தாள். பிறகு, எந்த ஆண் முன்னாலும், அதுவும் மருமகன் முன்னால், அவள் ஜென்மத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள். கொண்டையைப் பிரித்தாள். விரித்து வைத்த ஷீட்டின் மேல் குனிந்து கூந்தலை உதறினாள்.

கரி பொலபொலவென்று கொட்டியது. வெள்ளையின் மேல் புதிய புள்ளிகள், பழைய புள்ளிகளின் அச்சாகவே விழுந்தன.

"நேத்து நீங்க போட்டோ எடுத்தீங்களே மாப்பிள்ளை, அப்ப விழுந்ததுங்க" என்றாள். கூந்தல் முகத்தை மறைத்திருந்தது. அதற்குள்ளிருந்தே பேசினாள். "நான் ஆபீஸ்ல இல்லீங்க. கரி எடை போடறவ. உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேன். தலை குளிக்க நேரமில்ல. வெள்ளைக் கோட்டை மட்டும் மாட்டிக்கிட்டு, தொப்பி போட்டாக் கூலிக்காரியாட்டத் தெரியும்னு போடாம நின்னேன். உங்க சரக்கை நான்தான் கெடுத்தேன்."

பினு குனிந்து அந்தப் புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்தான்.

கோபிநாத்துக்குத்தான் முதலில் பேச வந்தது. "சேச்சி, கோட்டு? கோட்டு ஆரு கொடுத்தது?"

"ஆரும் குடுக்கலீங்க. கொக்கியில கெடந்தத நானே எடுத்துப் போட்டுக்கிட்டேன். அவளுக்குத் தெரியாது."

முருகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்லும்போதெல்லாம் உள்ளே குறுகிப்போகும் நாச்சம்மாள், அந்த ஒரு பொய்யை மட்டும் நிமிர்ந்து நின்று சொன்னாள்.

சிவப்பிரகாஷ் மாமியாரைப் பார்க்கவில்லை. ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கோபிநாத்திடம், "வேற போட்டுக் குடுங்க சார். அந்தப் பொண்ணே போடட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாதிரிக்கு அந்த ஷீட்டில் ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனான்.  திட்டியிருந்தால் நாச்சம்மாள் தாங்கியிருப்பாள்.

கோபிநாத் அவளை ஒரு வாரம் வரவேண்டாம் என்றார். கெட்டுப்போன ஷீட்டைக் கறுப்புப் பக்கம் தள்ளச் சொன்னார். வெள்ளையில் விழுந்த கரியைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. இன்னும் கரி சேர்த்து முழுக்கக் கறுப்பாக்கி, மிதியடிக்கு அனுப்புவதுதான் அந்தத் தொழிலில் வழக்கம். போவதற்கு முன்னால் அந்தக் கார்பனையும் நாச்சம்மாளே எடை போட்டாள். போட்டு முடித்து, குழாயடியில் முதன்முறையாகப் பட்டப்பகலில் தலை குளித்தாள். கறுப்புத் தண்ணீர் காலைச் சுற்றி ஓடியது. முருகேஸ்வரி வந்து மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"கோட்டு நாந்தானேக்கா குடுத்தேன்."

"அது ஒண்ணாச்சும் இருந்துட்டுப் போகட்டும் அம்மணி."

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல? ராத்திரி பூரா எங்கம்மா தூங்கல. மறுபடி எந்த ஊருக்குடீ போறதுன்னு கேட்டுக்கிட்டே கெடந்தா."   முருகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இனி உங்க ஓரகத்தி கேட்டா, என்னை யாருன்னு சொல்லுவீக?"

"ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா அம்மணி. உள்ள வந்து உக்காரு. நீயே கேளு, அவளை வெச்சுட்டே சொல்றேன்."

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு முருகேஸ்வரி திரும்பி நடந்தாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஈரத்தலையோடு கேட்டுக்கு வெளியே வந்த நாச்சம்மாள் நின்றுவிட்டாள். சிவப்பிரகாஷின் கார் போகவில்லை. கதவில் சாய்ந்து நின்றிருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"ஏறுங்க அத்தை. ஊட்டுல விட்டுடறேன்."

"வேண்டாங்க மாப்பிள்ளை. பஸ்ஸு வந்துரும். தலைல இன்னும் போகல. உங்க சீட்டெல்லாம்..."

அவன் பின்கதவைத் திறந்தான். கெட்டுப்போன அந்த வெள்ளை ஷீட்டில் மாதிரிக்காக வெட்டி எடுத்து வந்த துண்டு உள்ளே கிடந்தது. அதை எடுத்து, சுருக்கமில்லாமல், இருக்கை மேல் விரித்தான்.

அவள் கூச்சப்படாமல் உட்கார வேண்டும் என்பதற்காக விரித்தானா, சீட்டில் கரி படக் கூடாது என்பதற்காக விரித்தானா? கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்க்கிற வழக்கமோ அவளுக்கு இல்லை. கார் வடகரப்பதிப் பக்கம் திரும்பியது. தான் கொட்டிய புள்ளிகளின் மேலேயே ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, கூந்தல் நுனியிலிருந்து சொட்டும் தண்ணீர் அந்த ஷீட்டை விட்டு வெளியே விழுந்துவிடாமல், நாச்சம்மாள் இரண்டு கைகளையும் குவித்து ஏந்திக்கொண்டே போனாள்.